சர்வர் பேக்கப்: ஹோஸ்டிங் தருவது போதுமா, நாமே எடுக்க வேண்டுமா?

இணையதளம் வைத்திருப்பவர்கள் பேக்கப் பற்றிப் பேச ஆரம்பித்தால் முதலில் வரும் கேள்வி இது: "ஹோஸ்டிங் நிறுவனமே தினமும் பேக்கப் எடுப்பதாகச் சொல்கிறதே, நான் தனியாக வேறு எடுக்கணுமா?" அடுத்தது, எடுப்பதென்றால் எப்படி? தளத்தில் சேர்க்கும் துணை மென்பொருளான பிளகினா, சர்வரை அப்படியே படம்பிடிக்கும் ஸ்னாப்ஷாட்டா, நாமே எழுதும் கட்டளைக் கோப்பான ஸ்கிரிப்டா?

முதல் கேள்விக்கு என் பதில், ஆமாம், எடுக்கத்தான் வேண்டும். இரண்டாவதற்கு எல்லோருக்கும் பொருந்துகிற பதில் கிடையாது. வேர்ட்பிரஸ்ஸில் சின்னதாக ஒரு வலைப்பூ நடத்துபவருக்குச் சரியாக இருப்பது, ஆர்டர்கள் வந்துகொண்டே இருக்கும் கடைக்குச் சரிவராது. அதனால் முறைகளுக்குப் போகுமுன் எதை வைத்து அவற்றை எடை போடுவது என்று பார்த்துவிடலாம்.

## எதை வைத்து எடை போடுவது

பலரும் விலையையும் எத்தனை ஜிபி என்பதையும் முதலில் பார்க்கிறார்கள். எந்த விபத்திலிருந்து இது காப்பாற்றும் என்பதை முதலில் பார்ப்பது நல்லது. விபத்துகளை நான்காகப் பிரிக்கலாம்.

அடிக்கடி நடப்பது கைப்பிழை. தளத்தின் தரவுகள் இருக்கும் டேட்டாபேஸில் தவறான டேபிளை (அட்டவணையை) அழிப்பது, அப்டேட் செய்யப்போய் தளம் வெள்ளைத் திரையாக நிற்பது, அந்த மாதிரி. இரண்டாவது ஹேக். மூன்றாவது இயந்திரமோ கட்டடமோ போவது. நான்காவதை யாரும் யோசிப்பதில்லை: ஹோஸ்டிங் கணக்கே கையைவிட்டுப் போவது. கார்டு காலாவதியாகிப் பணம் போகாமல் கணக்கு முடக்கப்படலாம், நிறுவனமே கடையைச் சாத்தலாம், பாஸ்வேர்டு வேறொருவர் கையில் சிக்கலாம்.

டிஸ்க் பழுதாவதைத் தனியாகச் சொல்லவில்லை. அதைச் சமாளிக்க நிறுவனங்கள் ரெய்டு முறையில் இரண்டு டிஸ்க்கில் ஒரே நேரத்தில் எழுதுகின்றன. ஆனால் ரெய்டு பேக்கப் ஆகாது. ஜர்னல்ஸ்பேஸ் என்ற வலைப்பூச் சேவை 2008-ன் இறுதியில் இப்படித்தான் முடிந்துபோனது. இரட்டை டிஸ்க்கையே பேக்கப்பாக நம்பியிருந்தார்கள். டேட்டாபேஸ் மேலெழுதப்பட்டபோது இரண்டு டிஸ்க்கிலும் சேர்ந்தே போனது.

விபத்து வகைகளைப் பார்த்தாயிற்று, அடுத்து எந்த முறையிடமும் கேட்க வேண்டியவை நான்கு. எவ்வளவு நேரத்து மாற்றங்களை இழந்தால் தாங்கும்? எவ்வளவு நேரத்தில் தளம் திரும்ப எழ வேண்டும்? எத்தனை நாள் பின்னோக்கிப் போக முடியும்? நகலை அழிக்கும் அதிகாரம் யாரிடம் இருக்கிறது? மூன்றாவதையும் நான்காவதையும் கேட்காமல் விடுபவர்களே அதிகம். பெரிய அடி விழுவதும் பெரும்பாலும் அந்த இடத்தில்தான். தளத்துக்குள் புகுந்தவன் ஒரு மாதம் சத்தமில்லாமல் உட்கார்ந்திருந்தான் என்றால், ஏழு நாள் மட்டும் வைத்திருக்கும் பேக்கப்பில் ஏழு நகலிலும் அவனுடைய கோப்பு இருக்கும்.

விவரத்துக்குப் போகுமுன் ஒரு அட்டவணை:

| முறை | கைப்பிழை | ஹேக் | கட்டடம் போனால் | கணக்கு போனால் | மீளும் வேகம் | உங்கள் உழைப்பு |
|---|---|---|---|---|---|---|
| ஹோஸ்டிங் பேக்கப் | நன்று | ஓரளவு | நிறுவனத்தைப் பொறுத்தது | உதவாது | வேகம் | இல்லை |
| ஸ்னாப்ஷாட் | நன்று | ஓரளவு | நிறுவனத்தைப் பொறுத்தது | உதவாது | மிக வேகம் | குறைவு |
| பிளகின் | நன்று | ஓரளவு | வெளியே அனுப்பினால் உதவும் | வெளியே அனுப்பினால் உதவும் | நடுத்தரம் | குறைவு |
| சொந்த ஸ்கிரிப்ட் | நன்று | சரியாக அமைத்தால் நன்று | நன்று | நன்று | மெதுவு | அதிகம் |
| கையால் இறக்குவது | பழைய நகல்தான் இருக்கும் | நன்று | நன்று | நன்று | மெதுவு | ஒவ்வொரு முறையும் |

## ஹோஸ்டிங் நிறுவனத்தின் பேக்கப்

இதன் பலம் சோம்பேறிகளையும் காப்பாற்றும் என்பதே. நீங்கள் ஒன்றும் செய்ய வேண்டாம். மதியம் ஒரு பக்கத்தை அழித்துவிட்டு மாலையில் கவனித்தால், கண்ட்ரோல் பேனலில் நேற்றைய தேதியைத் தேர்ந்து ஒரு பட்டனை அழுத்தினால் போதும். அன்றாடக் கைப்பிழைக்கு இதைவிட வசதியானது இல்லை.

மறைந்திருக்கும் செலவு ஒப்பந்த விதிகளில் இருக்கிறது. பேக்கப் ஒரு கூடுதல் வசதி மட்டுமே, தரவுக்கு வாடிக்கையாளரே பொறுப்பு என்ற வரி பல நிறுவனங்களின் விதிகளில் உண்டு. பலர் ஒரே சர்வரைப் பங்கிடும் பகிர்வு ஹோஸ்டிங்கில் கோப்புகளின் எண்ணிக்கை ஒரு வரம்பைத் தாண்டினால் சில நிறுவனங்கள் பேக்கப் எடுப்பதையே நிறுத்திவிடும். பக்கங்களின் தயார் நகல்களைச் சேமிக்கும் கேஷ் பிளகின்கள் ஆயிரக்கணக்கில் சின்னக் கோப்புகளைக் குவிப்பதால், தெரியாமலேயே அந்த வரம்பைத் தாண்டிவிடுவோம். சில இடங்களில் எடுப்பது இலவசம், மீட்டுத் தருவதற்குக் கட்டணம். சிபேனல் என்ற கண்ட்ரோல் பேனலில் 'முழு பேக்கப்' என்று இறக்கி வைக்கிறோமே, அதை நாமே திரும்ப ஏற்ற முடியாது. ஹோஸ்டிங் நிர்வாகிதான் ஏற்ற வேண்டும். நாமே ஏற்றக்கூடியது, வீட்டுக் கோப்புறையையும் டேட்டாபேஸையும் தனித்தனியாக இறக்கும் பகுதி பேக்கப் மட்டுமே.

இடமும் ஒரு சிக்கல். 2021 மார்ச் 10 அன்று பிரான்சின் ஸ்ட்ராஸ்பூர்க்கில் ஓவிஎச் நிறுவனத்தின் தரவு மையம் தீப்பிடித்தது. ஒரு கட்டடம் முழுவதும் எரிந்தது, பக்கத்துக் கட்டடத்தின் ஒரு பகுதியும் சேதமானது. பேக்கப்புக்கென்று தனியாகப் பணம் கட்டியிருந்த சிலருடைய நகலும் அதே வளாகத்தில் இருந்து எரிந்துபோனது. விவகாரம் நீதிமன்றம் வரை போனது. நகல் வேறு இடத்தில்தான் இருக்கும் என்று அவர்கள் நினைத்ததில் தப்பே இல்லை, ஆனால் யாரும் வாய்விட்டுக் கேட்டு உறுதி செய்துகொள்வதில்லை.

ஆகவே சப்போர்ட்டுக்கு ஒரு டிக்கெட் போட்டுக் கேளுங்கள்: நகல் எந்த ஊர்த் தரவு மையத்தில் இருக்கிறது, எத்தனை நாள் வைத்திருப்பீர்கள், மின்னஞ்சலும் அதில் அடக்கமா, நானே மீட்கலாமா? பதில் மழுப்பலாக வந்தால் அதுவும் ஒரு பதில்தான்.

மாதத்துக்கு ஒரு முறைகூட மாறாத அறிமுகத் தளத்துக்கு இது போதும், கூடவே ஒரு நகலை வெளியே இறக்கி வைத்திருந்தால்.

## ஸ்னாப்ஷாட்

விபிஎஸ் (ஒரு பெரிய சர்வரில் நமக்கென்று பிரித்துத் தரப்படும் மெய்நிகர் சர்வர்) அல்லது கிளவுட் சர்வர் வைத்திருப்பவர்களுக்கானது. டிஸ்க் முழுவதையும் அந்த நொடியில் இருந்தபடியே பிடித்து வைக்கிறது. இயங்குதளம், பக்கங்களைப் பரிமாறும் என்ஜின்எக்ஸ் மென்பொருளின் அமைப்பு, மெயில் சர்வர், குறித்த நேரத்தில் தானாக ஓடும் கிரான் வேலைகள், எதையும் தனித்தனியாக நினைவு வைக்க வேண்டாம். திரும்ப எழுப்புவதும் பெரும்பாலும் சில நிமிட வேலை. பெரிய அப்டேட்டுக்கு முன்னால் ஒரு ஸ்னாப்ஷாட் எடுக்காமல் கை வைப்பது வீண் துணிச்சல்.

ஆனால் ஓடிக்கொண்டிருக்கும் டேட்டாபேஸைப் பாதி எழுத்தில் பிடித்துவிடும் வாய்ப்பு உண்டு. மைஎஸ்கியூஎல் டேட்டாபேஸ் மென்பொருளின் இன்னோடிபி வகை டேபிள்கள் தங்கள் பதிவேட்டைப் பார்த்துப் பொதுவாகத் தாமே சரிசெய்துகொள்ளும். பழைய மைஐசாம் வகை டேபிள்களுக்கு அந்த உத்தரவாதம் இல்லை. அழிந்துபோன ஒரே ஒரு கட்டுரை வேண்டுமென்றாலும் முழு சர்வரையும் வேறு இடத்தில் எழுப்பித்தான் எடுக்க வேண்டும். ஒரு நிறுவனத்தின் ஸ்னாப்ஷாட்டை இன்னொரு நிறுவனத்தில் அப்படியே ஏற்றுவதும் எளிதல்ல. பில்லும் கவனிக்க வேண்டியது. மறந்துபோன ஸ்னாப்ஷாட்டுகளுக்கும் மாதா மாதம் ஜிபி கணக்கில் பணம் போகும். இதற்கு நேரெதிராக, சில இடங்களில் சர்வரை நீக்கினால் அதன் தானியங்கி பேக்கப்பும் கூடவே நீங்கிவிடும்.

எல்லாவற்றையும்விடப் பெரிய குறை, ஸ்னாப்ஷாட் அதே கணக்குக்குள் இருப்பது. வீட்டுச் சாவியின் மாற்றுச் சாவியை அதே கொத்தில் மாட்டி வைப்பது மாதிரி. கோட் ஸ்பேசஸ் என்ற நிறுவனம் 2014 ஜூனில் இதற்குப் பலியானது. மென்பொருள் எழுதுபவர்களின் நிரல்களைப் பாதுகாத்து வைப்பதே அவர்கள் தொழில். அவர்களுடைய அமேசான் கிளவுட் கட்டுப்பாட்டுப் பலகைக்குள் புகுந்த ஒருவன் பணம் கேட்டு மிரட்டினான். அவர்கள் பாஸ்வேர்டை மாற்றி வெளியேற்றப் பார்த்தபோது, முன்பே உருவாக்கி வைத்திருந்த வேறு லாகின்கள் வழியாக வந்து டிஸ்க், ஸ்னாப்ஷாட், அமேசானின் எஸ்3 சேமிப்புக் கிடங்கு என்று வரிசையாக அழித்தான். பன்னிரண்டு மணி நேரத்தில் நிறுவனம் தொடர முடியாத நிலைக்கு வந்து மூடிவிட்டது. அவர்களிடம் பேக்கப் இருக்கத்தான் செய்தது. ஏறக்குறைய எல்லாமே ஒரே கணக்கிலிருந்து எட்டும் இடத்தில் இருந்தன.

சீக்கிரம் எழ வேண்டிய, பல வேலைகள் ஒரே சர்வரில் ஓடுகிற இடங்களுக்கு ஸ்னாப்ஷாட் சரியான தேர்வு. தனியாக மட்டும் வேண்டாம்.

## பிளகின்

வேர்ட்பிரஸ்ஸில் அப்டிராஃப்ட்பிளஸ் போன்ற பிளகின்கள் கோப்புகளையும் டேட்டாபேஸையும் எடுத்து கூகுள் டிரைவ், டிராப்பாக்ஸ், எஸ்3 என்று வெளியே அனுப்பிவிடும். கட்டளை வரி தெரியாதவருக்கு ஹோஸ்டிங்குக்கு வெளியே நகல் வைக்க இதுவே எளிய வழி. முன்னே சொன்ன இரண்டு முறைகளும் கைவிடும் இடத்தில், அதாவது கணக்கே போனால், இது நிற்கும்.

நிற்கும், வெளியே அனுப்புமாறு அமைத்திருந்தால். நிறுவியவுடன் அப்படியே விட்டால் பல பிளகின்கள் நகலை அதே சர்வரின் ஒரு கோப்புறையில்தான் போடும். அதன் முகவரியை வெளியாள் கண்டுபிடித்துவிட்டால் மொத்தத் தளமும், வாசகர்களின் மின்னஞ்சல் முகவரிகளோடு, இறக்கிக்கொள்ளக் கிடைக்கும்.

வேறு சில தொல்லைகளும் உண்டு. வேர்ட்பிரஸ் எழுதப்பட்ட பிஎச்பி என்ற நிரல்மொழிக்குள் பிளகின் ஓடுவதால் நேர வரம்பும் நினைவக வரம்பும் அதற்கு உண்டு. படங்கள் நிறைந்த பெரிய தளத்தில் பாதியில் நின்றுவிடலாம். வேர்ட்பிரஸ்ஸின் உள் கடிகாரம் யாராவது தளத்தைத் திறந்தால்தான் அசையும். கூட்டமில்லாத தளத்தில் இரவு இரண்டு மணி பேக்கப் காலை ஒன்பதுக்கு நடக்கும். கூகுளின் இலவச 15 ஜிபி உங்கள் ஜிமெயிலுக்கும் சேர்த்துத்தான், அது நிரம்பியதும் பேக்கப் போவது நின்றுவிடும். மின்னஞ்சல் பெட்டிகளும், டொமைன் பெயரைச் சர்வரின் முகவரியோடு இணைக்கும் டிஎன்எஸ் பதிவுகளும் இதில் அடங்காது.

வலைப்பூ, சிற்றிதழ், சிறு நிறுவனத் தளம், இவற்றுக்கு என் முதல் பரிந்துரை இதுவே. ஹோஸ்டிங் பேக்கப்போடு சேர்த்து.

## சொந்த ஸ்கிரிப்ட்

சர்வரில் உள்ளே போய் வேலை செய்யத் தெரிந்தவர்களுக்கான வழி. இரவில் கிரான் ஒரு ஸ்கிரிப்டை ஓட்டும். அது மைஎஸ்கியூஎல்டம்ப் என்ற கருவி கொண்டு டேட்டாபேஸை ஒரு கோப்பாக (இதைத்தான் டம்ப் என்பார்கள்) எடுக்கும். இன்னோடிபி என்றால் 'சிங்கிள் டிரான்சாக்‌ஷன்' விருப்பத்தைச் சேர்த்தால் தளத்தை நிறுத்தாமலேயே ஒரே கணத்தின் நிலை சீராகக் கிடைக்கும். அப்புறம் அந்தக் கோப்பையும் தளத்தின் கோப்புகளையும் ரெஸ்டிக் அல்லது போர்க் என்ற பேக்கப் மென்பொருள் பாஸ்வேர்டு போட்டுப் பூட்டி, வேறொரு நிறுவனத்தின் சேமிப்பகத்துக்கு அனுப்பும். மாறிய துண்டுகளை மட்டும் அனுப்புவதால் ஏழு தினசரி, நான்கு வாராந்திர, பன்னிரண்டு மாதாந்திர நகல்களை வைத்திருந்தாலும் இடம் அவ்வளவாக ஏறாது. எவ்வளவு பின்னோக்கிப் போகலாம் என்ற கேள்வியில் மற்ற எல்லா முறைகளையும் இது முந்துகிறது.

செலவு மென்பொருளில் இல்லை, கவனத்தில் இருக்கிறது. முதலில் சாவி. ரெஸ்டிக், போர்க் இரண்டிலும் பாஸ்வேர்டு தொலைந்தால் நகலும் தொலைந்தது, மீட்க யாராலும் முடியாது. அந்தப் பாஸ்வேர்டு சர்வரில் மட்டும் இருந்தால் சர்வர் போகும் அன்று அதுவும் போகும்.

அடுத்து அதிகாரம். சர்வரில் இருக்கும் ஸ்கிரிப்டுக்கு நகலை அழிக்கவும் உரிமை இருந்தால், சர்வருக்குள் புகுந்தவனுக்கும் அதே உரிமை. சேர்க்க மட்டும் அனுமதித்து, குறிப்பிட்ட நாள் வரை யாராலும் அழிக்க முடியாதபடி பூட்டும் வசதி இப்போது பல சேமிப்பகங்களில் இருக்கிறது. அதைப் போட்டுவிடுங்கள். இந்த ஒரு அமைப்பு இல்லாவிட்டால் இவ்வளவு உழைப்புக்கும் பாதிப் பலன்தான்.

சேமிப்பகத்தின் விலைப்பட்டியலில் மாத வாடகையை மட்டும் பார்த்தால் ஏமாறுவோம். பல நிறுவனங்கள் உள்ளே வரும் தரவுக்கு ஒன்றும் கேட்பதில்லை, வெளியே எடுக்கும்போது கேட்கும். எப்போதாவது எடுக்கும் தரவுக்கான, வாடகை மலிவான 'குளிர் சேமிப்பில்' இன்னும் இரண்டு நிபந்தனைகள் உண்டு. அமேசானின் கிளேசியர் டீப் ஆர்க்கைவில் போட்டதை முன்கூட்டியே அழித்தாலும் 180 நாள் வாடகை உண்டு. திரும்ப எடுக்கச் சாதாரணமாகப் பன்னிரண்டு மணி நேரம் வரை ஆகலாம். தளம் விழுந்து கிடக்கும்போது அது நீண்ட நேரம்.

தமிழ்த் தளம் வைத்திருப்பவர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். எழுத்துக் குறியேற்றம் பொருந்தாமல் டேட்டாபேஸை ஏற்றினால் கட்டுரைகள் கேள்விக்குறிகளாகவோ பொருளற்ற ஐரோப்பிய எழுத்துகளாகவோ வரும். எடுக்கும்போதும் ஏற்றும்போதும் யுடிஎஃப்8எம்பி4 என்ற குறியேற்றத்தைச் சொல்லிவிடுவது நல்லது. மைஎஸ்கியூஎல்லின் பழைய யுடிஎஃப்8 ஓர் எழுத்துக்கு மூன்று பைட்டுக்கு மேல் தாங்காது. தமிழ் எழுத்துகள் மூன்று பைட்டில் அடங்கிவிடும், நான்கு கேட்கும் இமோஜிகள் அடங்காது.

இந்த முறையின் நிஜமான ஆபத்து, சத்தமில்லாமல் நின்றுபோவது. 2017 ஜனவரி 31 அன்று, நிரல்களைச் சேமித்துப் பகிரும் கிட்லேப் நிறுவனத்தில் ஒரு பொறியாளர் துணை சர்வரில் நீக்குவதாக நினைத்து முதன்மை சர்வரின் டேட்டாபேஸ் கோப்புறையை நீக்கிவிட்டார். சுதாரித்து நிறுத்துவதற்குள் சுமார் 300 ஜிபி போய்விட்டது. பேக்கப்பைத் தேடினால், தினமும் ஓடியிருக்க வேண்டிய டம்ப் பதிப்புப் பொருத்தமின்மையால் தோற்றுக்கொண்டே இருந்திருக்கிறது. தோல்வியைச் சொல்ல வந்த மின்னஞ்சல்களும் கையொப்பச் சிக்கலால் திருப்பி அனுப்பப்பட்டிருந்தன. ஆறு மணி நேரத்துக்கு முன் வேறு வேலைக்காகக் கையால் எடுத்த ஒரு ஸ்னாப்ஷாட் தற்செயலாக இருந்ததால் பிழைத்தார்கள். கெட்டிக்காரர்கள் நிறைந்த நிறுவனத்திலேயே இந்தக் கதை.

ஆகவே எச்சரிக்கையைத் தலைகீழாக அமையுங்கள். பேக்கப் தோற்றால் செய்தி வரவேண்டும் என்று வைத்தால், அந்தச் செய்தியே வராமல் போகலாம். வேறொரு இடத்தில் இருக்கும் கண்காணிப்புச் சேவை, இன்றைய பேக்கப் வந்து சேரவில்லை என்றால் மணி அடிக்கட்டும்.

வாடிக்கையாளர் தளங்களை நிர்வகிப்பவர்களுக்கும், கடை நடத்துபவர்களுக்கும், வருடக்கணக்கான எழுத்தைச் சேர்த்து வைத்திருப்பவர்களுக்கும் இந்த உழைப்பு தகும். மாதம் ஒரு தரமாவது எட்டிப் பார்க்க ஆளில்லை என்றால் இதில் இறங்க வேண்டாம், பிளகினே மேல்.

## கையால் இறக்கிக் கணினியில் வைப்பது

கேபிளைக் கழற்றி வைத்த ஹார்ட் டிஸ்க்கை இணையம் வழியாக யாராலும் தொட முடியாது. அந்த ஒரு குணத்துக்காகவே மூன்றாவது நகலாக இது நல்லது. முதல் நகலாக வேண்டாம், இரண்டு மாதத்தில் மறந்துவிடுவோம். வாடிக்கையாளர் விவரங்கள் இருக்கும் கோப்பை மடிக்கணினியில் திறந்தபடி போட்டு வைப்பதும் தவறு, பூட்டி வையுங்கள்.

## எந்தத் தளத்துக்கு எது

மூன்று நகல், இரண்டு வகைச் சேமிப்பு, ஒன்று வெளியிடத்தில் என்ற 3-2-1 கணக்கைப் பலரும் கேள்விப்பட்டிருப்பீர்கள். பீட்டர் க்ரோ என்ற புகைப்படக் கலைஞர் பரப்பியது. இன்றைய இணையதளத்துக்கு 'வெளியிடம்' என்பதை 'வேறு நிறுவனம், வேறு லாகின்' என்று படிப்பேன். 2024 மே மாதம் ஆஸ்திரேலியாவின் யூனிசூப்பர் ஓய்வூதிய நிதிக்கு கூகுள் கிளவுடில் நடந்தது இதற்குச் சாட்சி. அமைப்பில் நேர்ந்த ஒரு தவறால் அவர்களுடைய தனியார் கிளவுடே நீக்கப்பட்டது.  இன்னொரு நிறுவனத்திடம் வைத்திருந்த பேக்கப் மீட்புக்குக் கைகொடுத்தது.

வலைப்பூ, சிற்றிதழ்: ஹோஸ்டிங் பேக்கப், வெளியே அனுப்பும் பிளகின், மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஹார்ட் டிஸ்க். நிலைப் பக்கங்கள் மட்டுமே உள்ள தளம்: மூலக் கோப்புகள் கிட் களஞ்சியத்தில் (மாற்றங்களின் வரலாற்றோடு கோப்புகளை வைக்கும் இடம்) இருந்தால் ஏறக்குறைய கவலை இல்லை, படங்களும் அங்கே இருக்கின்றனவா என்று மட்டும் பாருங்கள். பல தளங்கள் ஓடும் விபிஎஸ்: ஸ்னாப்ஷாட்டும் ஸ்கிரிப்டும் சேர்ந்து. ஒன்று வேகத்துக்கு, மற்றது ஆயுளுக்கு.

கடைக்கு மட்டும் கணக்கு வேறு. நேற்றிரவு நகலை ஏற்றினால் இன்றைய ஆர்டர்கள் மறைந்துவிடும், ஆனால் பணம், அதை வசூலிக்கும் பேமென்ட் கேட்வேயில் வந்திருக்கும். வாடிக்கையாளர் கேட்கும்போது உங்களிடம் ஆர்டரே இருக்காது. தினசரி பேக்கப் இங்கே போதாது. ஒவ்வொரு மாற்றத்தையும் குறித்து வைக்கும் மைஎஸ்கியூஎல்லின் பைனரி பதிவேட்டைச் சில நிமிடங்களுக்கு ஒருமுறை வெளியே அனுப்பினால், நேற்றிரவு நகலை ஏற்றி அதன் மேல், விபத்துக்குச் சில நிமிடங்கள் முன்பு வரையான மாற்றங்களைத் திரும்ப ஓட்டிக்கொள்ளலாம். நாமே செய்யப் பொறுமையில்லை என்றால் அந்த வசதியோடு வரும் நிர்வகிக்கப்பட்ட டேட்டாபேஸ் சேவைக்குக் கூடுதல் பணம் கொடுப்பது நியாயமான செலவு. கோப்புகளுக்கு அப்படி அவசரமில்லை, தினசரி நகலே போதும்.

எதைத் தேர்ந்தாலும் ஒருமுறையாவது காலியான வேறொரு சர்வரில் ஏற்றிப் பாருங்கள், கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே. உங்கள் கணினியில் டொமைன் பெயர்களுக்கு முகவரி எழுதும் ஹோஸ்ட்ஸ் கோப்பில், உங்கள் டொமைனுக்குப் புதிய சர்வரின் ஐபி முகவரியைக் கொடுத்தால், டிஎன்எஸ்ஸைத் தொடாமலேயே தளத்தைத் திறந்து பார்க்கலாம். முதல் தடவை பெரும்பாலும் எதிலாவது தட்டும்: டேட்டாபேஸ் பாஸ்வேர்டு, விட்டுப்போன படக் கோப்புறை, பிஎச்பி பதிப்பு. வழியைக் கண்டுபிடித்ததும் படிகளை எழுதி, சர்வருக்கு வெளியே வையுங்கள். ஏற்றுவதற்கு முன் அந்த ஒத்திகை சர்வரில் மின்னஞ்சல் அனுப்பும் வசதியையும் கிரானையும் அணைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் பழைய ஆர்டர் அறிவிப்புகள் நிஜ வாடிக்கையாளர்களுக்கு இரண்டாம் முறை போய்ச் சேரும்.